ஓய்வூதியமும் ஜப்தியும்

முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அலுவலகத்திலோ ஆலையிலோ பள்ளிக்கூடத்திலோ உழைத்து ஓய்வு பெறுகின்ற ஒருவருக்கு, அந்த நாளிலே கைக்கு வருகிற பணிக்கொடையும் சேமநல நிதியும், அதன் பின் மாதந்தோறும் வருகிற ஓய்வூதியமுமே எஞ்சிய ஆயுளுக்கு ஜீவனோபாயம் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆயினும் அவர் கடன்பட்டவராக இருந்து, கடன் கொடுத்தவர் நீதிமன்றம் சென்று தீர்ப்புப் பெற்று நிறைவேற்று மனுவும் போட்டுவிட்ட நிலையில், அந்தத் தொகைகளை ஜப்தி செய்யலாமா என்ற கேள்வி எழும்போது, முதியவர்களில் பலர் தமக்குச் சட்டம் தந்திருக்கிற பாதுகாப்பு இன்னதென்று அறியாமலே இருந்துவிடுகிறார்கள். அறிந்தவர்களும் அது எதுவரை செல்லும் என்பதில் தெளிவின்றி நிற்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு எவ்வாறு வளர்ந்தது, எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: பணம் கொடுக்கவேண்டியவரிடம் இருக்கும்வரை சட்டம் அதனைச் சிறப்பாகக் காக்கிறது, அது முதியவரின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகோ, காக்கும் பொறுப்பை அந்த முதியவர் தலையிலேயே சுமத்திவிடுகிறது.

இந்தப் பாதுகாப்பின் சரித்திரம் நாம் பொதுவாக எண்ணுவதைவிடப் பழமையானது. ஆங்கில ஆட்சி, தான் கைக்கொண்ட ராஜ்யங்களின் அரச குடும்பங்களுக்கு அரசியல் காரணம் பற்றி அளித்துவந்த மானியங்களையும், தன்னிடம் சேவகம் புரிந்து தளர்ந்தவர்களுக்கு அளித்துவந்த உபகாரச் சம்பளத்தையும் ஒருங்கே கருதி, 1871ஆம் ஆண்டில் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றியது. அதன் 11ஆம் பிரிவு, ஓய்வூதியமாகச் சேரவேண்டிய அல்லது இனிச் சேரப்போகிற எந்தத் தொகையையும், கடன் கொடுத்தவரின் வேண்டுகோளின்மேல் எந்த நீதிமன்றமும் கைப்பற்றலாகாது என்று விதித்தது. 12ஆம் பிரிவு அதற்கு ஒரு படி மேலே சென்று, இன்னும் கைக்கு வராத ஓய்வூதியத்தை ஈடாகவோ விலையாகவோ பிறருக்கு எழுதிக் கொடுக்கும் எந்தப் பத்திரமும் செல்லாது என்றது. வருங்கால வருமானத்தை எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் எத்தகைய அனர்த்தத்தில் முடியும் என்பதற்குச் சென்னை ராஜதானியே சாட்சியாக இருந்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்குக் கடன் கொடுத்த ஆங்கில வர்த்தகர்கள் அவருடைய நிலவரி வருவாயையே தம் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டதும், அந்தக் கடன்களின் நேர்மையைக் குறித்து 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கண்டனம் செய்ததும் பிரசித்தம். அரசர்க்கு நேர்ந்த அதே கதி இன்று நகராட்சித் துப்புரவுத் தொழிலாளிக்கு நேர்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

1871ஆம் ஆண்டின் சட்டம் அரசாங்கம் வழங்கும் ஓய்வூதியத்தை மட்டுமே குறித்தது. பொதுவான விதி 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது. கடனாளியின் எந்தெந்தச் சொத்துகள் ஜப்திக்கு உரியவை என்று கூறும் அப்பிரிவு, உடனே எவையெவை உரியவையல்ல என்றும் கூறுகிறது; உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், தொழில் செய்வோனின் கருவி, உழவனின் ஏர்மாடு, அவன் குடியிருக்கும் வீடு ஆகியவற்றோடு ஓய்வூதியமும் பணிக்கொடையும் அந்த வரிசையில் இடம்பெற்றுள்ளன. மனிதன் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதவற்றின் நடுவே ஓய்வூதியத்தை வைத்த அந்த அமைப்பிலேயே சட்டத்தின் கருத்து விளங்குகிறது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் இந்தக் காப்பை மிகவும் விரிவுபடுத்தியது. அதுவரை அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கே உரியதாயிருந்த விலக்கு, உள்ளாட்சி மன்றம் அல்லது வேறு எந்த முதலாளியிடம் பணிபுரிந்தவருக்கும் பொருந்துவதாயிற்று; பொதுச் சேமநல நிதியில் இட்ட தொகையும், கடனாளியின் ஆயுள் காப்பீட்டுத் தொகையும் பாதுகாப்பினுள் வந்தன. அத்திருத்தம் செய்த இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பிரிவின்கீழ் எனக்குள்ள விலக்கை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலும், அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அது விதித்தது. தேவையின் நெருக்கடியில் கையெழுத்திடும் மனிதனை அவனுடைய கையெழுத்திலிருந்தே காக்கிற இந்த விதி, நம் சட்டங்களில் காணும் மிகக் கருணையுள்ள விதிகளில் ஒன்று என்பேன்.

சேமநல நிதிக்குத் தனிச் சட்டங்களும் உண்டு. அரசு ஊழியரின் நிதியை 1925ஆம் ஆண்டின் சட்டமும், ஆலை, கம்பெனி முதலிய ஸ்தாபனங்களில் உழைப்போரின் நிதியை 1952ஆம் ஆண்டின் சட்டமும் காத்துவந்தன. பணிக்கொடையை 1972ஆம் ஆண்டின் சட்டம் காத்துவந்தது. பின்னிரண்டு சட்டங்களும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டுள்ளன. 1952ஆம் ஆண்டின் சட்டத்தில் 10ஆம் பிரிவு வகுத்த நெறி சிறப்பானது: உறுப்பினர் பேரில் இருக்கும் தொகையை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்யலாகாது, உறுப்பினர் இறந்தால் நியமனதாரருக்குப் போய்ச் சேரும் தொகையை, இறந்தவர் பட்ட கடனும் தீண்டலாகாது, அந்த மரணத்துக்கு முன் நியமனதாரர் தாமே பட்ட கடனும் தீண்டலாகாது. வங்கிகள் வழக்கிடும் கடன் வசூல் தீர்ப்பாயங்கள் வேறு உலகம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் உள்ள அத்தீர்ப்பாயங்களும் 60ஆம் பிரிவு விலக்கிய சொத்துகளைத் தொட இயலாது. நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமும், தனியே ஈடு வைக்கப்பட்ட சொத்து நீங்கலாக, அந்த விலக்கை ஏற்றுக்கொண்டே இயற்றப்பட்டது.

கடனை வாங்கியவன் திருப்பித் தரவேண்டும் என்பது சாமானிய தர்மம். அவ்வாறிருக்க ஓய்வூதியத்துக்கு மட்டும் இத்தனை அரண்கள் ஏன் என்று கேட்பவர்க்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். முதற்கண், ஓய்வூதியம் அரசு அல்லது முதலாளி மனமிரங்கித் தருகிற தானம் அன்று. செய்துமுடித்த வேலைக்கான ஊதியத்தில் ஒரு பகுதி, பின்னாளில் கொடுப்பதற்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது. இந்தத் தத்துவத்தை உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் ஓய்வூதியம் சொத்துரிமையே என்று கூறித் தொடங்கி, 1982 டிசம்பர் 17ஆம் நாள் டி. எஸ். நகாரா வழக்கின் தீர்ப்பில் முழுமையாக நிலைநாட்டியது. அந்த நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் நாடெங்கும் கொண்டாடுகிறார்கள். இரண்டாவதாக, முப்பது வயதுக் கடனாளியின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்தால் அவன் அதிகம் உழைத்து ஈடு செய்யலாம்; எழுபது வயதில் பிடிக்கப்பட்டதை ஈடு செய்ய வழியில்லை. அந்தப் பாரம் பிள்ளைகள் தலையிலும், பிள்ளைகள் இல்லாதபோது அரசின் முதியோர் உதவித் தொகையின் மேலும் விழும். ஆகவே கடன் கொடுத்தவர் அடைகிற லாபம் சமூகத்தின் நஷ்டமாகவே முடிகிறது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 60ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு, ஓய்வூதியம் முதலிய தொகைகள் கொடுபடவேண்டிய நாளுக்கு முன்னும் பின்னும் விலக்குப் பெறும் என்கிறது. கொடுக்கப்பட்டுவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. யூனியன் அரசுக்கும் ஜோதி சிட் பண்டு என்ற நிறுவனத்துக்கும் இடையே 1976இல் தீர்ப்பான வழக்கில், சேமநல நிதி முதலியவை ஊழியரின் கைக்கு உண்மையில் வந்து சேரும்வரை தம் இயல்பு மாறாமல் ஜப்திக்கு அப்பாற்பட்டே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் உறுதியளித்தது. ஊழியருக்குச் சாதகமான தீர்ப்புத்தான் அது. ஆனால் கைக்கு வரும்வரை என்று அது கூறியதைப் பற்றிக்கொண்டு, கைக்கு வந்தபின் சாதாரணப் பணமே என்று கடன் கொடுத்தவர்கள் வாதிக்கலாயினர். இந்த வாதத்துக்கு 2008இல் ராதே சியாம் குப்தாவுக்கும் பஞ்சாப் நேஷனல் வங்கிக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. ஓய்வு பெற்றவர் தம் ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் வாங்கி நிரந்தர வைப்பாகப் போட்டு வைத்திருந்தாலும், அவை ஓய்வுப் பலன் என்ற தன்மையை இழப்பதில்லை. ஆதலால் 60ஆம் பிரிவின் விலக்கு அவற்றையும் தொடர்ந்து காக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நியாயத்தின் பக்கம் நின்ற தீர்ப்பு அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓய்வூதியத்தை இன்று யாரும் கருவூல வாசலில் நின்று நாணயமாக எண்ணி வாங்குவதில்லை. அது பெரும்பாலும் வங்கிக் கணக்கின் வழியேதான் வருகிறது. வங்கியில் வந்தவுடன் பாதுகாப்பு அகலும் என்று கொண்டால், சட்டம் தந்த பாதுகாப்பு ஒரு நாள்கூட நிலைக்காது. ஆனால் தீர்ப்பு உரிமையைச் சொன்னதே தவிர, அந்த உரிமை தானாக நடைமுறைக்கு வரும் வழியைச் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் மனுப் போட்டு, நீதிமன்றம் வங்கிக்குத் தடையாணை அனுப்பினால், வங்கி கணக்கை முடக்கிவிடுகிறது. அதில் உள்ளது ஓய்வூதியமா, மகன் அனுப்பிய பணமா, நிலம் விற்ற பணமா என்று பார்ப்பது தன் வேலையல்ல என்று அது கருதுகிறது. அதன் பின்னர் அந்த முதியவர் ஒரு வக்கீலைத் தேடி, வக்கீல் ஃபீசுக்குப் பணம் தேடி, கணக்கு முடக்கப்பட்ட நிலையில் அந்தப் பணத்தை வேறொருவரிடம் கடனாகவே பெற்று, இது ஓய்வூதியம் என்று நிரூபித்து, ஆணையை விலக்கிக்கொள்ளச் செய்யவேண்டும். இதற்குள் மாதங்கள் கழிகின்றன. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வாங்கவேண்டிய மருந்து வாங்கப்படாமல் நிற்கிறது.

இந்த இடத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏற்பாடு ஒன்று கவனிக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டு மே மாதம் முதல் அங்கே நடைமுறையில் உள்ள மத்திய அரசு விதியின்படி, ஒரு கணக்கை முடக்கும் ஆணை வந்தவுடன், அதற்கு முந்தைய 2 மாத வரவுகளை வங்கி தானே பரிசோதிக்கவேண்டும். அந்தக் காலத்தில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் முதலான மத்திய அரசுப் பலன்கள் நேரடியாக வரவாகியிருந்தால், அந்த அளவுக்கு உரிய பணத்தைக் கணக்குடையவர் தடையின்றி எடுத்துக்கொள்ள விடவேண்டும். அவர் நீதிமன்றம் போகவும் வேண்டாம், மனு எழுதவும் வேண்டாம். நம் நாட்டிலும் ஓய்வூதிய வரவு ஒவ்வொன்றிலும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியத்தை வழங்கும் வங்கிகள் அதற்கெனத் தனி மையங்களையே நடத்துகின்றன. ஆகவே அறிந்துகொள்ளும் சாதனம் வங்கியிடம் இல்லை என்று கூற முடியாது. ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையால் செய்யக்கூடிய சீர்திருத்தம் இது. இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை என்றே எண்ணுகிறேன்.

கடன் கொடுத்ததும் கணக்கை வைத்திருப்பதும் ஒரே வங்கியாக இருக்கும்போது சங்கடம் இன்னும் பெரிது. நீதிமன்றத்தின் ஆணை எதுவுமின்றியே, கடன் பத்திரத்தில் வாங்கிய ஒப்புதலையும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கியாளருக்குத் தரும் பற்றுரிமையையும் காட்டி, மாதம் பிறந்தவுடன் ஓய்வூதியம் வந்து விழுகிற அதே நாளில் தவணையைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. ஓய்வு பெற்றவரே விரும்பி வாங்கிய சிறு பென்ஷன் கடனுக்கு அளவான தவணை பிடிப்பதை யாரும் குறை கூறமாட்டார்கள். யாருக்கோ ஜாமீன் கையெழுத்திட்ட பழைய பாக்கிக்காக ஒரு மாத ஓய்வூதியம் முழுவதையும் எடுத்துக்கொள்வது, நீதிமன்றமே செய்ய இயலாத காரியத்தை ஒரு ஸ்தாபனம் தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்வதாகும். அதனை ஒருபோதும் நியாயமென்று ஏற்க முடியாது.

ஜாமீன் என்ற சொல்லைக் குறிப்பிட்டேன். நம் அரசு அலுவலகங்களிலும் ஆசிரியர் சமூகத்திலும் சிக்கன நாணயச் சங்கத்துக் கடனுக்குச் சக ஊழியர் ஒருவர் கையெழுத்திடுவது நெடுநாள் வழக்கம். கடன் வாங்கியவர் தவணை தவறினால் ஜாமீன்தாரர் கடனாளியாகிறார். அவர் ஓய்வு பெறும் தறுவாயில், பாக்கியில்லாச் சான்று வேண்டுமெனில் பணிக்கொடையிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதம் எழுதித் தாரும் என்று அவரை நிர்ப்பந்திக்கும் நிலை உண்டாகிறது. விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியிருப்பதை அந்த நேரத்தில் அவருக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை.

சட்டத்தின் கண்ணுக்கே படாமல் நடப்பது மற்றொன்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் துப்புரவுத் தொழிலாளர்களும் கடைநிலை ஊழியர்களும் ஓய்வூதியரும் வட்டிக்கு வாங்கும்போது, தம் ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் கடன் கொடுத்தவரிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். பணம் வருகிற நாளில் அவரே போய் எடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை இவர்கள் கையில் கொடுக்கிறார், அசல் குறைவதேயில்லை. இங்கே வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, அமீனா இல்லை. ஆயினும் 1871ஆம் ஆண்டின் சட்டம் தடுக்க முயன்ற அதே காரியம், வரப்போகும் ஓய்வூதியத்தை முன்னதாகவே பிறர் வசமாக்கும் காரியம், மாதந்தோறும் நடந்துவருகிறது. அரசு ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றவரிடம் அவ்வாறு அட்டையை வாங்கி வைத்துக்கொள்பவருக்கு 12ஆம் பிரிவின்படி யாதொரு உரிமையும் இல்லை. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டமும், கடன் வசூலில் மிரட்டலைத் தண்டிப்பதற்கென 2025இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமும் இத்தகையோரை நோக்கியே செய்யப்பட்டவை. சட்டம் இல்லை என்பதல்ல குறை. அட்டையைத் திருப்பிக் கேட்டால் அடுத்த அவசரத்துக்கு யார் கடன் தருவார் என்ற அச்சத்தை எந்தச் சட்டமும் போக்கவில்லை. குறைந்த வட்டியில் சிறு கடன் தரும் ஏற்பாடு ஊர்தோறும் உண்டானாலன்றி இந்த வழக்கம் ஒழியாது.

பாதுகாப்பை இழப்பதற்கு வேறு ஒரு வழியும் உண்டு. அதைப் பெரும்பாலும் முதியவர்களே பாசத்தால் தேடிக்கொள்கிறார்கள். பணிக்கொடையையும் சேமநல நிதியையும் கொண்டு வீடு கட்டுகிறார்கள்; பிறகு மகனின் வியாபாரத்துக்காக அந்த வீட்டின் பத்திரத்தை வங்கியில் ஈடு வைக்கிறார்கள். பணமாக இருந்தபோது எந்த நீதிமன்றமும் தீண்ட முடியாத பொருள், வீடாக மாறி ஈடானபின் ஏலத்துக்குப் போகிறது. உழவரின் குடியிருப்புக்கு 60ஆம் பிரிவு தருகிற விலக்கு, ஓய்வு பெற்ற எழுத்தருக்கோ ஆசிரியருக்கோ இல்லை. பணிக்கொடையில் வாங்கிய நகையும் மனையும் அப்படியே. ஈட்டிய விடுப்புக்காக ஓய்வு நாளில் தரப்படும் தொகையைச் சட்டம் பெயர் சொல்லிக் காக்கவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

இறந்த ஊழியரின் மனைவியைப் பற்றித் தனியே கூறவேண்டும், ஏனெனில் மிரட்டலுக்கு மிக எளிதில் அஞ்சிப் பணிந்துவிடுபவர் அவரே. கணவர் வாங்கிய கடனுக்கு மனைவியே பொறுப்பு என்று வசூலிப்போர் கூறுவது தவறு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அவர் கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் அளவுக்கே அவர் பொறுப்பாவார். குடும்ப ஓய்வூதியமோ இறந்தவரின் சொத்தே அன்று. அது விதவைக்கு விதிகள் நேரடியாகத் தருகிற உரிமை, உயில் எழுதிக்கூட அதனை வேறொருவருக்கு மாற்ற முடியாது என்று 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. பணத் தீர்ப்பை நிறைவேற்றும் பொருட்டு ஒரு பெண்ணைக் கைதுசெய்து சிறையில் வைக்கலாகாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. ஆண்களைக்கூட, கொடுக்க வசதியிருந்தும் தீய நோக்கத்தோடு மறுப்பவர் என்று மெய்ப்பித்தாலன்றிச் சிறைக்கு அனுப்பலாகாது என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தார். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது.

இந்த அரணில் சில வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒன்று திறந்திருப்பதே தர்மம். மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தரவேண்டிய ஜீவனாம்சத்தைத் தராதவர், என் ஓய்வூதியத்தை யாரும் தொடக்கூடாது என்று கூற இயலாது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தடுப்பது கடன் கொடுத்தவரை, மனைவி கடன் கொடுத்தவர் அல்லர் என்று உயர் நீதிமன்றங்கள் கூறியிருப்பது பொருத்தமே. குடும்பத்துக்காக ஏற்பட்ட பாதுகாப்பைக் குடும்பத்துக்கு எதிராகவே பயன்படுத்த விடலாகாது. மற்றொன்று, அரசுக்குச் சேரவேண்டிய பாக்கியைப் பணிக்கொடையில் கழித்துக்கொள்ளும் விதி. இதிலும் 2014இல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு கட்டியது. ஓய்வு பெற்றவரிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவரிடமிருந்தும், அலுவலகத்தின் பிழையால் முன்பு அதிகமாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கலாகாது என்று அது கூறியது.

கடன் கொடுத்தவர் தரப்பையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். சீட்டு நிறுவனத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உள்ள பணம் பெரும்பாலும் சிறு மனிதரின் சேமிப்பு. அதை ஏமாற்றுவோருக்கு ஓய்வூதியம் ஒளிவிடம் ஆகலாகாது. பெருந்தொகையை வைப்பு நிதியில் வைத்துக்கொண்டே சிறு கடனைக் கொடுக்க மறுப்பவரும் உண்டு. அமெரிக்காவில் தனிநபர் ஓய்வுக் கணக்குகளுக்குத் திவால் வழக்கில் கிடைக்கும் விலக்குக்கு 2005ஆம் ஆண்டின் சட்டம் 10 லட்சம் டாலர் என ஓர் உச்ச வரம்பு விதித்து, அதனை அவ்வப்போது உயர்த்திவருகிறது. மொத்தமாக வந்த தொகைக்கு அத்தகைய தாராளமான வரம்பு ஒன்றை நாமும் வைப்பதை நான் எதிர்க்கமாட்டேன். மாதாந்தர ஓய்வூதியத்தில் மட்டும் ஒரு ரூபாயையும் தொட விடலாகாது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாயாகவே இருந்துவருகிறது. அதில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஓய்வு பெற்றோருக்கும் பெறப்போவோருக்கும் என் வேண்டுகோள் இது. ஓய்வூதியம் வருகிற கணக்கை வேறு வரவுகள் கலவாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய வங்கியிலேயே அதை வைக்காதீர்கள். பணிக்கொடையும் சேமநல நிதியும் வந்ததற்கான கடிதங்களையும், அவற்றை வைப்பாகப் போட்ட ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்; நீதிமன்றத்தில் இது ஓய்வுப் பலனே என்று மெய்ப்பிக்க அவையே சாட்சி. ஏடிஎம் அட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள். நீதிமன்ற அறிவிப்பு வந்தால் பயந்து ஒதுங்காமல், குறித்த நாளில் சென்று 60ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபணை கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைகளுக்கும், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் இலவச வக்கீலை நியமிக்கவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இயங்குகிறது.